கொடுத்தவர் யார்

2061 மார்ச் 4 அன்று, கோபிசெட்டிபாளையத்து மருத்துவமனை ஒன்றில் சென்னியப்பனின் கணையம் அழற்சியால் வீங்கியிருந்தது. அதை அடக்கும் பாக்டீரியா மாத்திரை தயாராக இருந்தது. நோயற்ற ஒருவரின் மலத்திலிருந்து எடுத்தது.

"குடுத்தவன் எந்த ஆளுங்க, சிஸ்டர்?"

செவிலி பிலோமினாவின் காதில் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது விழும்.

"முழுங்கப் போறது மலமுங்க. அதுலயும் மேல் சாதி மலந்தான் வேணுங்களா?"

"நம்ம வகையறான்னாத்தான் வாயைத் திறப்பேன்."

சென்னியப்பனின் வீட்டார் அவருடைய மச்சினனின் மலத்திலிருந்து தனியாரிடம் ஒரு மாத்திரை செய்து வாங்கி வந்தார்கள். மச்சினன் தினமும் குடிப்பவன், குடல் கெட்டவன். பிலோமினா எச்சரித்தும் சென்னியப்பன் கையெழுத்துப் போட்டு விழுங்கினார்.

அவர் மறுத்த முதல் மாத்திரையை, அதே நோயோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் ஒன்றும் கேட்காமல் விழுங்கினார். சனிக்கிழமை அந்தக் கட்டில்காரர் நடந்து வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பனின் உடலை மச்சினன் வாங்கிப் போனான்.