காரம் எப்படி இருந்தது?

"இன்னிக்குக் கீரைப் பொரியல் எப்படியா இருந்துச்சு?"

ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான் சந்துரு.

"சூப்பர், ரோஜா!"

ரோஜா அவன் கொண்டுவந்த காலிச் சாப்பாட்டு டப்பாவை டமாலென்று வைத்தாள்.

"பொய் சொல்லாத! வேணும்னே மிளகாப்பொடிய அள்ளிக் கொட்டி அனுப்பினேன். நீ துன்னவே இல்ல. நம்ம வீட்டுல கருவாடே வாங்கறதில்ல, உன் கையில கருவாட்டு வாசனை! யாரு சமைச்சுப் போடறா?"

சந்துரு தலையைச் சொறிந்தான். "தேவயானி."

"யாருயா அவ?"

"என்கூட வேலை செய்யற நம்ம பழனி பொண்டாட்டி. டெய்லி ஒரே மாதிரி துன்னா ஒடம்புக்கு ஆவாது, மாத்தி மாத்தித் துன்னுங்கன்னு கம்பெனி டாக்டர் சொன்னாரு. அதிலிருந்து கம்பெனில ஒண்ணா உக்காந்து துன்ற நாங்க அஞ்சு பேரும் டப்பாவை மாத்திக்கினு துன்றோம். ஒரு நாள் களி, ஒரு நாள் கருவாடு, ஒரு நாள் பயறு. என் சமையல் புடிக்கலையான்னு நீ கோச்சுக்குவன்னுதான் சொல்லல."

ரோஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயோ! இன்னிக்கு என் டப்பா யாருக்குயா போச்சு?"

"பழனிக்குத்தான். தேவயானி காரமே போட மாட்டாளாம். கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த வழிச்சுத் துன்னுட்டு, நாளைக்கும் இந்த டப்பா தனக்குத்தான்னு இப்பவே சொல்லி வச்சிட்டான்."