ராக்கெட்டில் ஒரு பிரசங்கம்

“இந்த டி.வி. கதையை எழுதுறவன் யாருன்னு சொல்லுங்க முசே. டில்லிக்கே ஒரு கடுதாசி போட்டுடுறேன்” என்றார் மருதையன்.

பிலோமின்ராஜ் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதெல்லாம் எதுக்குங்க? ஏதோ நாலு பேருக்கு நல்லது சொல்றாங்க.”

“நல்லது சொல்லட்டும், வேணாங்கலை. ராக்கெட்டு செவ்வாய்க்குப் போயி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒருத்தன் கீழே இறங்கலை. மேல் கிரகத்துக்காரன் மடையை அடைச்சுட்டான், கீழ் கிரகத்துல நாத்து காயுதுன்னு ஆறு மாசம் அழுதாங்க. அப்புறம் சாராயக்கடையை மூடுன்னாங்க. இப்ப அஞ்சு வாரமா அந்த எந்திர மனுஷன் வாயைத் தொறந்தா, பொம்பளைப் புள்ளையைப் படிக்க வைங்கிறான். இதெல்லாம் ஒரு கதையா?”

கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துக் கூடத்தில் ஞாயிறு காலை டி.வி. போட்டால் இருநூறு பேர் கூடிவிடுவார்கள். தொடர் இந்தியில் வரும். ஊரில் இந்தி தெரியும் என்று யாரும் முன்வரவில்லை. அதனால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பிரெஞ்சு மரியாதைப்படி ஊருக்கே ‘முசே’ ஆகிவிட்ட பிலோமின்ராஜை முதல் வாரமே பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்லிவிட்டார் தலைவர் நீலமேகம். பிரெஞ்சே பேசுகிறவருக்கு இந்தி ஒரு பெரிய காரியமா என்பது அவர் எண்ணம். ஊரும் அதை அப்படியே ஒப்புக்கொண்டது.

இருநூறு முகங்கள் ஆசையோடு பார்க்கும்போது, எனக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்று சொல்ல அந்த நல்ல மனிதருக்கு வாய் வரவில்லை. படத்தைப் பார்த்தார், வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ருசி கண்டுவிட்டது.

ரகசியத்தை அவர் மனைவி டெய்சியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். மருதையனின் மகள் அல்லி, பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்த பெண், டெய்சியிடம் வந்து அழுதிருந்தாள். படிப்பை நிறுத்திவிட்டு நெடுங்காட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

“தண்ணிக்கும் சாராயத்துக்கும் பேசுற வாய், அந்தப் புள்ளைக்காகப் பேசினா தேஞ்சா போயிடும்?” என்று டெய்சி கேட்டாள். எந்திர மனிதன் அந்த வாரமே பெண் கல்விக்கு மாறிவிட்டான். ஆனால் மருதையன்தான் மாறுகிற வழியாக இல்லை. வருகிற புதன்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. பிலோமின்ராஜின் கையில் இருந்தது இந்த ஒரு ஞாயிறுதான்.

அந்த நேரம் பார்த்து நீலமேகம் ஒரு புது ஆளோடு உள்ளே வந்தார்.

“முசே, நம்ம பேங்குக்கு வந்திருக்கிற புது மானேஜர். கான்பூர்க்காரர். தமிழ் இப்பத்தான் கத்துக்கிறாராம். இந்தி பேச ஆளில்லாம தவிச்சுப்போயிட்டாரு, அதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன்.”

மானேஜர் கைகூப்பி நீளமாக ஏதோ கேட்டார். பிலோமின்ராஜ் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தார். நல்லவேளை, தொடர் ஆரம்பித்துவிட்டது.

திரையில் எந்திர மனிதன் கையில் தட்டோடு வந்து ஏதோ சொன்னான். ராக்கெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள், மானேஜரும் சிரித்தார். பிலோமின்ராஜுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பேசாமல் வயிற்றுவலி என்று போய்விடலாமா என்று பார்த்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அல்லியின் முகம் கண்ணில் பட்டது. வருவது வரட்டும் என்று ஆரம்பித்தார்.

“படிக்கிற பொண்ணைப் பாதியில நிறுத்துறது, பறக்கிற ராக்கெட்டுல எண்ணெயை உறிஞ்சி எடுக்கிற மாதிரின்னு சொல்றான்.”

மானேஜரின் சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தார். பிலோமின்ராஜைப் பார்த்தார். “தப்பு, தப்பு” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மருதையன் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இருக்கிற மானமும் இன்றோடு போனது என்று பிலோமின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, மருதையன் மானேஜரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துக் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மானேஜர் முதலில் திகைத்தார், பிறகு பிலோமின்ராஜைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்ன மருதையா சொன்னே?” என்றார் நீலமேகம்.

“கதை தப்புத்தான், நானும் அதைத்தான் அஞ்சு வாரமா சொல்றேன்னேன்.”

கூடம் சிரித்தது. பிலோமின்ராஜ் எப்படியோ அன்றைய கதையை முடித்து வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் மருதையனை வாசலில் பிடித்தார். “அந்தக் கடுதாசியை மட்டும் போட்டுடாதீங்க.”

“போடலை. அல்லிக்கு நாளைக்கு காரைக்கால்ல பதினொண்ணாவதுக்கு இடம் கேக்கப் போறேன். கல்யாணம் இப்ப இல்லைன்னு நெடுங்காட்டுக்கும் சொல்லி அனுப்பியாச்சு.”

பிலோமின்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “தொடரைப் பாத்தா மனசு மாறினீங்க?”

“தொடர்ல எங்க வருது அது? அடுத்த வீட்டுப் புள்ளைக்காக ஒரு மனுஷன் அஞ்சு வாரம் தொண்டைத் தண்ணி வத்தப் பொய் சொல்றப்ப, பெத்தவன் நான் எப்படி முசே சும்மா இருக்கிறது?”

“பொய்யின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் பிலோமின்ராஜ்.

“கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி பம்பாய்த் துறைமுகத்துல ஏழு வருஷம் மூட்டை தூக்கினவன் நான், இந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்றார் மருதையன். “மானேஜர்கிட்டயும் இந்தியிலதான் சொன்னேன், டில்லிக்காரன் கதையைவிட எங்க முசே கதை எவ்வளவோ தேவலை, பேசாம உக்காந்து கேளுங்கன்னு.”