நடந்து போன வீடு

மூங்கில் கழிகளோடு ஊரே வாசலில் வந்து நின்றதும் சுகந்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவளும் தணிகைவேலும் கடல் தாண்டி இந்தத் தீவில் குடியேறி ஒரு மாதம்தான் ஆகிறது. மூங்கிலும் ஓலையுமான அந்த வீட்டின் படிவரை அலை ஏறிவிட்டது. வீடு போனால் சொந்த ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

“என்னங்க, காலி பண்ணச் சொல்றாங்களா?”

தீவு மொழியைத் தத்தித் தத்திப் பேசும் தணிகைவேல் விசாரித்துவிட்டுத் திரும்பினான். “இல்லடி. வீட்டையே மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம்.”

“விளையாடாதீங்க. அடுப்புல சோறு வேகுது!”

அதை அவன் தீவு மொழியில் சொன்னதும் கூட்டம் சிரித்தது. முன்னால் நின்ற பெண் ஏதோ சொன்னாள்.

“அடுப்பை மட்டும் அணைக்கணுமாம். சோத்தை மேல போய்ச் சாப்பிடலாமாம்.”

கழிகள் வீட்டுக்கு அடியில் நுழைந்தன. ஒரே குரல். வீடு எழுந்தது! ஜன்னல் திரை ஆட, தென்னைகளுக்கு நடுவே அது நடந்தே போனது. கடல் வெறுங்கையோடு நின்றது. வாய் பிளந்து பார்த்த சுகந்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

“நீ எதுக்குடி? கனம் தாங்க மாட்டே!” கழிக்கடியிலிருந்து தணிகைவேல் கத்தினான்.

“நம்ம வீடுங்க!”

பக்கத்தில் சுமந்துகொண்டிருந்த பெண் ஓரடி நகர்ந்து இடம் விட்டாள்.