ஒடிந்த தந்தம்

எஞ்சினை நிறுத்தியதும் அணைத் தண்ணீர் படகின் அடியில் தளும்பும் சத்தம் மட்டும் கேட்கிறது. நீரில் மூழ்கிச் செத்த மரங்கள் மொட்டைக் கிளைகளை வெளியே நீட்டி நிற்கின்றன. ஒன்றில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறது. மூடுபனி விலக விலக, கரைச் சதுப்பில் புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண் உதிர்க்கும் யானை தெரிகிறது. அதன் இடது தந்தம் பாதியில் ஒடிந்திருக்கிறது. பயணிகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலைக்கு இன்றுதான் சேர்ந்த பேச்சியம்மாள் மட்டும் படகின் கம்பியை இறுகப் பிடிக்கிறாள். போன மழைக்காலத்தில், தேயிலைக்காட்டுப் பாதையில், அவள் கண்ணெதிரே புருஷனைத் தூக்கி எறிந்து கொன்றது இந்த யானைதான். படகோட்டும் கொழுந்தன் மாரீஸ்வரன் அவள் பக்கம் குனிகிறான்.

“மதினி, போட்டத் திருப்பிரட்டுமா?”

“வேண்டாம்யா. இதப் பாக்கத்தான வந்திருக்காங்க. நிக்கட்டும்.”

யானை தலையை உயர்த்துகிறது. அதன் காதுகள் அசையாமல் நிற்கின்றன. அன்று பாதியில் அறுந்துபோன புருஷனின் “ஏ பேச்சி” என்ற குரல் தண்ணீருக்கு மேலே வருவதுபோல் அவளுக்கு இருக்கிறது. அப்போது, முன்வரிசையில் கணவனோடு உட்கார்ந்திருக்கும் புதுப்பெண் கைபேசியை நீட்டுகிறாள்.

“அக்கா, யானையும் தெரியற மாதிரி எங்கள ஒரு போட்டோ எடுங்க.”

திரையில் அவர்கள் இருவரின் முகங்களுக்கு நடுவே ஒடிந்த தந்தம் வெள்ளையாகத் தெரிகிறது. பேச்சியம்மாள் இன்னொரு கையையும் கொடுத்துக் கைபேசியைப் பிடிக்கிறாள்.

“ரெண்டு பேரும் இன்னுங் கொஞ்சம் சேந்து உக்காருங்க,” என்கிறாள். “சிரிங்க.”