நீல வெளிச்சம்

மத்தியானத் தூக்கம் தெளியட்டும் என்று முதலாளி தையல் கூடம் முழுக்க நீல விளக்கு மாட்டிய நாளிலிருந்து ஒருத்தியும் கொட்டாவி விடவில்லை. தலை நிமிராமல் தைத்தார்கள். செக்கிங் மேசையில் நின்ற நவமணிக்குத்தான் அன்று பனியனுக்குப் பனியன் கறுப்புப் பொட்டு.

"மிசின்ல எண்ணெய் ஒழுகுதுங்க சார்."

"பொட்டு மேல ஸ்டிக்கர ஒட்டித் தள்ளும்மா" என்றார் சூப்பர்வைசர்.

ஒட்டினாள். ஒன்பதாவது பனியனில் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. எண்ணெய் என்றால் வழுக்கும். இது விரலில் பிசுபிசுத்தது. வாசலுக்கு ஓடி வெயிலில் விரித்துப் பார்த்தாள். சிவப்பு.

"யாருக்குடி கையில ஊசி ஏறுச்சு?" என்று உள்ளே வந்து கத்தினாள்.

நாற்பது மிசினில் ஒன்றுகூட நிற்கவில்லை. பத்தாவது பனியன் மேசையில் வந்து விழுந்தது.