ஈரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை

ஆண்டர்சன்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர் துளசிராமனின் வயிற்றில் பாலை வார்த்தார் டாக்டர்.

"ஒரு மாசமா உங்க சாறு குடிச்ச ராஜப்பா ரத்தத்தைச் சோதிச்சாச்சு. நிலவேம்பால ஈரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இனிமே காய்ச்சல்காரங்களுக்கு நானே எழுதித் தர்றேன்."

டாக்டர் போனதும், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து ராஜப்பா வந்தான். துளசிராமன் அவனைக் கட்டிக்கொண்டார்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டே! ஊசி ரொம்ப வலிச்சுதா?"

"எனக்கு ஊசின்னா பயம் முதலாளி. ஷாஃப்ட் குழியில ஒருத்தனுக்கு முடியலன்னா இன்னொருத்தன் எறங்கறதில்லையா? அதுமாதிரி என்கூட வேலை செய்யற சின்னசாமி என் பேரைச் சொல்லி ரத்தம் குடுத்துட்டு வந்தான்."

துளசிராமன் அணைத்த கையை விலக்கினார். "அப்ப சாறு?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க? மாசம் பூரா நான்தான் குடிச்சேன். யாரையும் ஏமாத்தற பழக்கம் எனக்கில்லீங்க!"