திருஷ்டிப் பொட்டு

இசக்கிராஜ் இறந்த பிறகும் ஸ்டூடியோவில் அவன் கம்ப்யூட்டர் வேலையை நிறுத்தவில்லை. படத்தைக் கொடுத்தால் போதும், அவன் கை பழகியபடியே தானாகத் திருத்தும். திரையில் அம்புக்குறி அவனைப் போலவே தயங்கித் தயங்கி நகரும். குழந்தைப் படம் வந்தால், அவன் வைப்பதைப் போலவே கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கும். பெரியவர்களுக்கு வைக்காது.

அவன் மனைவி சுபிதாவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பழுது பார்க்கும் ரூபனை வரச் சொன்னாள்.

“மெமரியும் டிஸ்க்கும் மாத்தினா இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்க்கா. அண்ணன் கை அப்படியே இருக்கும். புதுசு வாங்கினா வேகமா இருக்கும், ஆனா அந்தக் கை வராது.”

“வர வேண்டாம் தம்பி. புதுசே வாங்கிருவோம். இத எடுத்துட்டுப் போயிருங்க.”

பழையதை மாற்றாக எடுத்துக்கொள்ள, உரிமையாளர் அதன் பக்கத்தில் நிற்கும் படத்தைக் கடைக்காரர்கள் கேட்பார்களாம். ரூபன் செல்போனில் அவளை முழுசாக எடுத்தான். அனுப்புவதற்காகச் செல்போனைக் கம்ப்யூட்டரில் இணைத்ததும், படம் அதிலேயே திறந்தது. அம்புக்குறி அவள் முகத்தைக் கடந்து இறங்கியது, தயங்கியது, சேலை மடிப்பின் மேல், வயிற்றில், ஒரு கறுப்புப் பொட்டு வைத்தது.

ரூபன் சிரித்தான். “எங்க கொண்டு போய் வைக்குது பாருங்க! மூளை கொழம்பிருச்சு.”

சுபிதா சிரிக்கவில்லை. நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் இன்னும் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இசக்கிராஜிடம் சொல்வதற்குள் அவன் போய்விட்டான்.

ரூபன் பொட்டை அழிக்கக் கை நீட்டினான்.

“அழிக்காதீங்க,” என்றாள். “புதுசு வேண்டாம். மெமரி மட்டும் போட்டுக் குடுங்க.”

அம்புக்குறி அந்தப் பொட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.